கட்டிக் கலைத்த வீடுகள்

ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரி இருக்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே ஒரு முழு வீடு: பிள்ளை பெற்றவள் படுக்கும் அறை, பாத்திரம் அடுக்கிய சமையலறை, துணி உலர்த்தும் மச்சு, உள்ளங்கைக்குள் அடங்கும் நாற்காலிகள். ஒரு வணிகரின் மனைவியான பெட்ரோனெல்லா ஊர்ட்மன் 1686 வாக்கில் தொடங்கி, ஏறத்தாழ 1710 வரை அதைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டினார். அதற்கு ஆன செலவில் அந்த நகரத்துக் கால்வாய்க் கரையிலேயே நிஜ வீடு ஒன்றை வாங்கியிருக்கலாம் என்பார்கள். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மக்கள் அதன்முன் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

அதே காலத்தில் தமிழ்நாட்டுச் சிறுமிகளும் வீடு கட்டினார்கள். மணலிலும் களிமண்ணிலும் சாணத்திலும் கட்டினார்கள். அவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை. சிற்றுரு வீடுகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. உலகில் வேறு எவருக்கும் குறையாமல் நாம் சிறு வீடு கட்டியிருக்கிறோம். வேறு எவரையும்விடக் குறைவாக அவற்றை வைத்திருக்கிறோம். இந்தக் கணக்கை நீலகிரியில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை. மலை வீடுகள் வேகமாக மறைந்துகொண்டிருக்கிற காலம் இது என்பதால், இங்கே இந்தக் கேள்விக்கு அவசரமும் உண்டு.

முதலில் நம் பக்கத்துச் சொத்தைப் பார்த்துவிடலாம். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகம் முழுவதும் சிற்றில் கட்டிய பெண்கள் கண்ணனிடம் வைக்கும் முறையீடு. முதுகு நோக இழைத்ததை மிதித்து அழிக்காதே என்கிறார்கள். பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்களில் இது ஓர் இலக்கணமாகவே ஆகிவிட்டது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்று சிற்றில். அதில் பெண்கள் கட்டுவார்கள், பிள்ளை வந்து சிதைப்பான். அடுத்த பருவங்கள் சிறுபறை, சிறுதேர். தேரும் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் சிறுவர் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இத்தனை நூல்கள் இருந்தும், கட்டிய பெண்ணின் வீடு எப்படி இருந்தது, எத்தனை அறை, அடுப்பு எந்த மூலையில் என்று எந்தப் புலவரும் நின்று சொல்லவில்லை. கால்பட்டு உடைகிற கணத்துக்குத்தான் பாட்டு கிடைத்தது.

தென்மாவட்டங்களில் இந்தக் கட்டுமானம் சடங்காகவே இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மார்கழி முழுவதும் வாசல் கோலத்தில் சாண உருண்டை வைத்து அதில் பூசணிப் பூ செருகுவார்கள். அந்தச் சாணத்தைப் பூவோடு தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். வாசலில் களிமண்ணால் சிறு வீடு எழும்பும். தைப்பொங்கல் கழிந்தபின் சிறுவீட்டுப் பொங்கல். அந்தக் குட்டி வீட்டின்முன் சிறுமிகள் நிஜமாகவே பொங்கல் வைப்பார்கள், பிறகு எல்லாவற்றையும் ஆற்றில் கொண்டுபோய்க் கரைப்பார்கள். வீடு கட்டுவதும் சமைப்பதும் கரைப்பதும் ஒரே விழாவின் மூன்று அங்கங்கள்.

கொலு இன்னும் விரிவானது. படிக்கட்டில் அடுக்கும் பொம்மைகளைவிட, படிக்குக் கீழே தரையில் போடுகிற பூங்காதான் என் பார்வையில் உண்மையான சிற்றுருக் கலை. கண்ணாடித் துண்டு குளமாகும், செங்கல்மேல் சாக்கைப் போர்த்தி மண் பூசினால் மலையாகும், கேழ்வரகும் கடுகும் தூவினால் வயலாகும். அந்த மலையில் ரயில் ஓடும், அடிவாரத்தில் சந்தை கூடும். பக்கத்தில் தொந்தியும் தராசுமாகச் செட்டியாரும் மனைவியும், அவர்கள் முன்னால் அரிசி, பருப்பு, வெல்லம் நிரப்பிய சின்னஞ்சிறு கிண்ணங்கள். கடையும் சரக்கும் சேர்ந்த முழுக் காட்சி அது. காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகிய ஊர்களின் பொம்மைத் தொழில் பெரிதும் இந்த ஒன்பது நாளை நம்பி நடக்கிறது. பண்ருட்டிப் பொம்மையை விலை கொடுத்து வாங்கலாம். பூங்காவை மட்டும் வீட்டார் கையால்தான் போட வேண்டும். ஊட்டிக் குளிரில் கேழ்வரகு முளைக்கச் சமவெளியைவிட நாள் பிடிக்கும் என்பதால், இங்கே தட்டை அடுப்பங்கரைப் பக்கம் வைத்து முன்கூட்டியே முளைகட்டும் வீடுகள் உண்டு. விஜயதசமி இரவில் மரப்பாச்சி ஒன்றைப் படுக்கவைத்தால் கொலு முடிந்தது. பொம்மைகள் பழைய வேட்டித் துணி சுற்றிப் பெட்டிக்குள் போகும், பூங்கா குப்பைக்குப் போகும். கவனித்துப் பாருங்கள்: கடையில் வாங்கியதைக் காப்பாற்றுகிறோம், கையால் கட்டியதை எறிகிறோம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தஞ்சாவூர் நெட்டி வேலை. நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெண்ணிறத் தண்டைச் சீவி, பெரிய கோயிலைக் கைக்கடக்கமாகக் கட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். புவிசார் குறியீடு பெற்ற கைவினை அது. தமிழ் வீடுகளின் ஷோகேஸில் தலைமுறை தாண்டி நின்ற சிற்றுருக் கட்டடம் என்றால் அதுதான். ஆனால் அது கோயில். நாம் குடியிருந்த வீட்டுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி கிடைக்கவில்லை.

ஐரோப்பியர் எதற்காகக் கட்டினார்கள் என்று பார்த்தால் காரணங்கள் பலவாகப் பிரிகின்றன. பவேரியக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557-58இல் செய்வித்த வீடே பதிவான முதல் பொம்மை வீடு என்பார்கள். அது செல்வத்தின் காட்சி. 1674இல் தீயில் போய்விட்டது. நூரம்பெர்க்கில் அன்னா கோஃபெர்லின் 1631இல் ஒரு வீட்டைக் கட்டிக் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குக் காட்டினார்; இளையவர்கள் இதைப் பார்த்துக் குடித்தனம் பழக வேண்டும் என்பது அவர் கருத்து. நம் சொப்புச் சாமானும் இதே வேலையைத்தான் செய்தது. அம்பாசமுத்திரத்துக் கடைசல் மரத்தில் அரக்குச் சாயம் ஏற்றிய அடுப்பு, ஆட்டுக்கல், உரல், குடம் எல்லாம் சிறுமியின் கையில் சமையலறையின் வரைபடமாக இருந்தன.

புதுதில்லியைக் கட்டிய எட்வின் லட்யன்ஸ், அதே ஆண்டுகளில் இங்கிலாந்து அரசி மேரிக்கு ஒரு பொம்மை வீடு வடிவமைத்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1921 முதல் 1924 வரை வேலை நடந்தது. மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும், மின்தூக்கி ஏறி இறங்கும், நூலகத்தில் அன்றைய எழுத்தாளர்கள் சிலர் தம் கையாலேயே எழுதித் தந்த சிறு புத்தகங்கள். வெம்பிளி பேரரசுக் கண்காட்சியில் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பார்த்தார்கள். இப்போது வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்றாலும் அது எவர் வீட்டு நினைவும் அன்று. ஒரு பேரரசு தன் கைத்தொழிலைக் கடைபரப்பிய பெட்டி.

எனக்கு நெருக்கமாகப் படுபவர் அமெரிக்கரான பிரான்சஸ் கிளெஸ்னர் லீ. 1878இல் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 1940களில், துப்பறியும் காவலர்களுக்குப் பயிற்சி தருவதற்காகச் சந்தேக மரணங்கள் நடந்த அறைகளைச் சிற்றுருவாகக் கட்டினார். குண்டூசிகளையே பின்னல் ஊசியாக வைத்து மரணித்தவரின் காலுறையைப் பின்னினார். அவர் காட்டிய வீடுகளில் பல ஏழை வீடுகள்: கிழிந்த சுவர்த்தாள், காலி மதுப்புட்டி, பாதி உரித்த உருளைக்கிழங்கு. பதினெட்டு அறைகள் இன்னும் பால்டிமோரில் மேரிலாந்து மாநிலப் பிணக்கூறு ஆய்வு அலுவலகத்தில் இருக்கின்றன. இன்றும் அவற்றை வைத்துப் பாடம் நடக்கிறது. வீட்டுப் பொம்மை வேலை என்று ஒதுக்கப்பட்ட ஒரு திறனைச் சாட்சியமாக மாற்றிக் காட்டியவர் அவர். ஓர் அறையைச் சரியான அளவில் சரியான பொருளோடு கட்டினால், புகைப்படம் சொல்லாததையும் அது சொல்லும். நீலகிரிக்கு வேண்டியது இந்த வகைக் கட்டுமானம்.

இந்த மலைக்குச் சிற்றுரு புதிதும் அன்று. தொட்டபெட்டாவைச் சுற்றிய மேடுகளில் வட்டக்கல் அடுக்கிய பழங்காலப் புதைகுழிகள் உண்டு. நீலகிரியின் முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் அவற்றில் பலவற்றைத் தோண்டினார். இங்குள்ள தொல்குடிகளையும் நினைவுச்சின்னங்களையும் பற்றிய அவரது நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1873இல் வெளிவந்தது. புதைகுழிகளில் கிடைத்த மண்கலங்களின் மூடியில் விரலளவு உருவங்கள் நிற்கின்றன: எருமை, மான், நாய், பறவை, குதிரைமேல் ஆள். சில எருமைகளின் கழுத்தில் மணிகூட உண்டு. கையால் பிசைந்து சுட்ட உருவங்கள் அவை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் அவற்றைப் பார்க்கலாம். மலையின் மிகப் பழைய அன்றாட வாழ்க்கை நமக்குத் தெரிவது இந்தப் பொம்மைகள் வழியாகத்தான். புதைத்ததால் பிழைத்தவை.

தோடர் வாழ்விலும் சிற்றுருவுக்குப் பெரிய இடம் உண்டு. 1901-02இல் இங்கு வந்து ஆய்வு செய்து 1906இல் 'தி தோடாஸ்' என்ற பெருநூலை எழுதிய டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் ஒரு சடங்கை விவரிக்கிறார். பெண் கருவுற்றிருக்கும்போது கணவன் சோலைக்குள் போய்ச் செடிக் குச்சியை வளைத்துச் சின்ன வில்லும், புல் தண்டால் அம்பும் செய்து அவள் கையில் கொடுக்கிறான். அந்த வில்லைக் கொடுத்தவனே பிள்ளைக்குத் தந்தை. ரிவர்ஸ் வந்த காலத்திலேயே தோடரிடம் வில் ஆயுதமாக வழக்கில் இல்லை. ஆனாலும் விளையாட்டுப் பொருள்போல் தெரியும் அந்த வில் ஒரு குழந்தையின் குலத்தையே நிர்ணயித்தது. அதே நூலில் தோடக் குழந்தைகள் மந்து எனும் தம் குடியிருப்புகளின் அருகே குட்டி எருமைத் தொழுவமும் அடுப்பும் கட்டி விளையாடியதையும் எழுதியிருக்கிறார். அந்தத் தொழுவங்களும் இப்போது இல்லை. ஒரு வரியில் குறித்துவைக்க அவர் இருந்ததால் நமக்குத் தெரிகிறது.

பின்னால் வந்த ஆங்கிலேயர் வேறு மாதிரி கட்டினார்கள். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1822இல் கல் பங்களாவைத் தொடங்கினார். தொடர்ந்து ஏரி வெட்டப்பட்டது, 1830இல் செயின்ட் ஸ்டீபன் ஆலயம் எழுந்தது, சரிவுகளில் முகப்பு வளைவும் சிம்னியும் வைத்த குடில்கள் வந்தன. விட்டுவந்த ஊரின் ஏக்கத்தை முழு அளவில் கட்டிய நகரம் இது. இன்று வெளிநாட்டிலிருந்து வரும் பொம்மை வீட்டுப் பெட்டிகளில் இருப்பதும் இதே விக்டோரியக் குடில்தான். அதை வாங்கி ஒட்டுவதில் தவறில்லை, கைப்பழக்கத்துக்கு நல்லது. ஆனால் குன்னூரில் வசிக்கும் ஒருவர் அந்த வீட்டை இரண்டாம் முறை நகலெடுப்பதைவிட, நகலே எடுக்கப்படாமல் போய்க்கொண்டிருக்கும் வீடுகளைப் பக்கத்துச் சரிவில் பார்க்கலாம்.

எவை அந்த வீடுகள்? முதலாவது தோடரின் அரைப்பீப்பாய் வடிவக் குடில். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, சதுப்புநிலப் புல்லை வேய்ந்தது. புல்வெளிகளைத் தேயிலையும் யூகலிப்டசும் சீகையும் காய்கறித் தோட்டமும் எடுத்துக்கொண்டபின் அந்தப் புல்லுக்கே தட்டுப்பாடு. பெரும்பாலான குடும்பங்கள் கான்கிரீட் வீடுகளுக்கு மாறிவிட்டன. அடுத்தது ஹட்டி எனும் படகர் ஊர்களில் ஒரே கூரைத்தொடராகத் தோள் சேர்த்து நின்ற வரிசை வீடு. பொது முற்றம், வெளியறை, அடுப்புள்ள உள்ளறை, பால் வைப்பதற்கென்று தூய்மை காத்த தனி அறை. இப்போது வரிசை உடைந்து மாடிகள் எழுந்துவிட்டன. பால் அறை இல்லாத வீடுகளே மிகுதி. மூன்றாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பை முதலாளியின் கடமையாக்கியது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னாளில் அது டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆயிற்று. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எழுந்த லைன்களில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்திருக்கிறது. இந்த வீடுகளை யாரும் பெருமையாக நினைப்பதில்லை, அதனாலேயே யாரும் படமெடுத்து வைக்கவில்லை. இடிந்தால் சுவடு இருக்காது. கட்ட வேண்டிய பட்டியலில் நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

கட்டுவது எப்படி என்பதற்கு வருகிறேன். உலகெங்கும் பழகிய அளவு ஒரு அடிக்கு ஒரு அங்குலம், அதாவது பன்னிரண்டில் ஒன்று. அடியிலும் அங்குலத்திலும் வீட்டை அளக்கும் நமக்கு இது வசதி, கணக்கே போட வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பல்சக்கரப் பாதையின் கடுமையான ஏற்றமும் ஏறக்குறைய இதே பன்னிரண்டுக்கு ஒன்று. மலைக்காரர்கள் நினைவில் வைக்க எளிது. தோடர் குடில் ஒன்று சுமார் 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம், வாசல் 3 அடி. சிற்றுருவில் 18 அங்குலம், 9 அங்குலம், 10 அங்குலம். வாசல் மூன்று அங்குலம்தான். ஒரு பெரிய பலகாரத் தட்டில் அடங்கிவிடும். வளைவுகளுக்குத் தென்னை ஈர்க்கை நனைத்துப் பாட்டிலைச் சுற்றிக் கட்டிக் காயவைக்கலாம். வேய்வதற்குப் பூந்துடைப்பத்தின் பூக்காம்பு இழைகள் சரியாக அமையும். சோலை விளிம்பில் புல்லையும் பாசியையும் பறித்து வரத் தேவையில்லை, பறிக்கவும் கூடாது.

லைன் வீட்டுக்கு இன்னும் எளிய சரக்கு போதும். அதன் உயிர் தகரக் கூரையில் இருக்கிறது. நிஜ நெளிதகட்டில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் சுமார் மூன்று அங்குல இடைவெளி. சிற்றுருவில் கால் அங்குலம். கூரியரில் வரும் அட்டைப்பெட்டியின் மேல்தாளை ஈரத்துணியால் ஒற்றி உரித்தால் உள்ளே கிட்டத்தட்ட அதே கால் அங்குல நெளிவு தயாராக இருக்கும். வெள்ளிப் பெயின்ட் ஒரு கோட், அதன்மேல் ஆணி வரிசையில் செம்மண் கரைத்த துரு. காற்றுக்குப் பறக்காமல் கூரைமேல் வைக்கும் கற்களை மறக்கக் கூடாது. அந்தக் கற்கள் இல்லாவிட்டால் அது எந்த ஊர்த் தகரக் கொட்டகையாகவும் இருக்கலாம். கதவுக்கு ஐஸ் குச்சி. புதுக் குச்சியின் வெளுப்பு மலைவீட்டுக்கு ஒட்டாது. தேயிலைத் தூளைக் கெட்டியாகக் கொதிக்கவைத்த நீரில் குச்சியை ஊறப்போட்டுக் காயவைத்து, துருப்பிடித்த ஆணியை ஒரு வாரம் ஊறவைத்த வினிகரை அதன்மேல் தடவினால், தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மரம் கண்முன்னே சாம்பல் கறுப்பாகிறது. நாற்பது மழை நனைந்த கதவு கால்மணி நேரத்தில் கிடைத்துவிடும். வடித்த தேயிலைச் சக்கையை நன்றாக உலர்த்தி ஒட்டினால் வாசல் மண். கொழுந்துக் கூடைக்கு மெல்லிய மூங்கில் நார், இடுப்பில் கட்டும் படங்குக்குக் கறுப்பு பிளாஸ்டிக் உறையின் துண்டு.

ஊசியும் பின்னும் இந்த மலையிலேயே பிறக்கின்றன. கேத்தியில் 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸின் போனி ஊசி, இந்தியாவில் தைக்கத் தெரிந்தவர் எல்லாருக்கும் தெரிந்த பெயர். குண்டூசித் தலை கதவுக் குமிழாகும், நறுக்கிய ஊசி கீலாகும். ஜன்னல் கண்ணாடிக்குப் பழைய எக்ஸ்ரே பிலிம் போதும். பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தால் கருமை முழுவதும் போய்த் தெளிந்த தகடு வரும். ஊட்டி இந்துநகர் எச்.பி.எஃப். ஆலை நாட்டுக்கே எக்ஸ்ரே பிலிம் செய்து தந்தது. ஆலை மூடிவிட்டது, அதன் பிலிம்கள் பல வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கின்றன.

இந்த ஊரில் சிற்றுருவுக்குப் பெரிய பகை ஈரம். கூடலூர்ப் பக்கம் ஜூனில் பிடிக்கும் மழை, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபருக்குப் பிறகு வலுக்கும். எந்த மாதத்திலும் ஏதோ ஒரு சரிவு நனைந்திருக்கிறது. எம்.டி.எஃப். பலகை ஊதிவிடும், வெள்ளைப் பசை காயாமல் இழுக்கும், அரிசிக் கஞ்சிப் பசையில் பூசணம் பூக்கும். பலகை வேண்டுமென்றால் ஒட்டுப்பலகை எடுத்து, வெட்டிய ஓரங்களில் வார்னிஷ் பூசிவிட வேண்டும். பழைய புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பார்கள். தேயிலையின் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து தெளிக்கும் ஊரில் அந்த அறிவு புதிதில்லை. ஆனால் அது விஷம், பிள்ளைகள் கையாளும் வேலையில் வேண்டாம். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, வெயில் அடிக்கும் நாளில் காயவைத்து, பெட்டிக்குள் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இனி வீடு. இந்தப் பொழுதுபோக்கை எடுத்தவர்கள் பலர் நடுவில் விடுவதற்குக் காரணம் கைத்திறன் குறைவன்று, மேசை. நம் வீடுகளில் ஒரே மேசையில்தான் சாப்பாடும் வீட்டுப்பாடமும் காய்கறி நறுக்குவதும். அதில் பாதி கட்டிய வீடு நின்றால் மூன்றாம் நாளே முணுமுணுப்பு எழும். எனவே முழு வீடு வேண்டாம், ஓர் அறை போதும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லைன் அறை என்றால் பத்தங்குலத்துக்குப் பன்னிரண்டங்குலம். ஒரு தாம்பாளத்தின்மேல் வைத்து வேலை செய்து, சாப்பாட்டு நேரத்தில் தாம்பாளத்தோடு தூக்கி பீரோமேல் வைத்துவிடலாம். சிகாகோ கலைக் கழகத்தில் உள்ள புகழ்பெற்ற 68 தார்ன் அறைகளும் தனித்தனி அறைப் பெட்டிகளே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொலுப் பூங்காவைப் போட்டது பெண்கள், சிறுவீடு கட்டியது சிறுமிகள், ஆம்ஸ்டர்டாம் அலமாரியும் நூரம்பெர்க் வீடும் பெண்கள் முயற்சி. அப்படியிருந்தும், ஓர் ஆண் ரயில் மாடல் செய்தால் ஹாபி என்றும், ஒரு பெண் இரண்டு மணி நேரம் சிறு வீடு கட்டினால் வேலை கெட்ட வேலை என்றும் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது போக வேண்டும். வேலைக்குப் போய்வந்து அடுப்பையும் பார்த்த பிறகு தன் கைக்கென்று ஒருவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை வீட்டார் மதிக்கட்டும்.

பிள்ளைகள் கூடச் சேர்வது நல்லது. பிளேடும் உடனடிப் பசையும் பெரியவர் கையில் இருக்கட்டும். குட்டி விளக்குகளில் வரும் பொத்தான் பேட்டரி விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கூடாது. குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். திருகாணி போட்டு மூடிய பேட்டரிப் பெட்டியையே வாங்குங்கள்.

ஓர் எதிர்க்கேள்வியை விலக்க முடியாது. பிறர் வாழ்ந்த, அதிலும் துன்பப்பட்டு வாழ்ந்த வீட்டைப் பொம்மையாக்கலாமா? கும்பினி ஆட்சிக் காலத்தில் சாதிக்கும் தொழிலுக்கும் ஒன்றாகக் களிமண் பொம்மைகள் செய்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். மனிதர்களை மாதிரிச் சரக்காக்கிய அந்த வழி நமக்கு வேண்டாம். லைன் வீட்டைக் கட்டுவதென்றால் அதில் குடியிருந்தவரைக் கேட்டு, அவர் சொல்லும் இடத்தில் அடுப்பை வைத்து, அவர் சுவரில் மாட்டியிருந்த படத்தை மாட்ட வேண்டும். முடிந்தால் அவரே கட்ட வேண்டும், தெரிந்தவர் பசை எடுத்துக் கொடுக்கலாம். ஒழுகிய கூரை ஒழுகிய கூரையாகவே இருக்கட்டும். புகை படிந்த சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். தோடரின் பால்கோயில் அவர்களுக்குப் புனிதம், அதன் சிற்றுருவை வெளியார் அலங்காரத்துக்குச் செய்வது முறையாகாது. குடியிருக்கும் குடில் வேறு, அதையும் மந்தில் கேட்டுச் செய்வதே மரியாதை.

கூடலூரில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் சமூகத்துக் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டுகளால் முழு அளவு யானைகளைக் கட்டி லண்டன், அமெரிக்கா வரை அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அவர்கள் அறிந்த, நிஜமாக நடமாடும் ஒரு யானையின் உருவம். ஆளும் யானையும் ஒரே மண்ணில் வாழ்வதை உலகுக்குச் சொல்ல அவர்கள் பேரளவைத் தேர்ந்தெடுத்தார்கள். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பழைய வீடுகளையே பெயர்த்தெடுத்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அவை நிறுவனங்களால் ஆகக்கூடியவை. தனி மனிதரால், வாடகை வீட்டில், மாதச் சம்பளத்தில் ஆகக்கூடியது பன்னிரண்டில் ஒன்று.

ஆகவே நீலகிரியில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் நவராத்திரிக்குப் பூங்கா போடும்போது நடுவில் உங்கள் பாட்டி வாழ்ந்த வீட்டை வையுங்கள். அளவு நாடாவோடு போய், அந்த வீடு இன்னும் நின்றால் அறை அறையாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள்; நிற்கவில்லை என்றால் வாழ்ந்தவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். கட்டியபின் அடிப்பலகையில் ஒரு தாளை ஒட்டி, எந்த ஹட்டி, எந்த மந்து, எந்த எஸ்டேட்டின் எத்தனையாம் லைன், யார் குடியிருந்தார்கள், யார் கட்டினார்கள், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். விஜயதசமி முடிந்ததும் பூங்காவைக் கலையுங்கள், வீட்டை மட்டும் கலைக்காதீர்கள். உங்களால் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள், அல்லது ஊட்டி அரசு அருங்காட்சியகத்திலும் முத்தோரை பாலாடா பழங்குடியினர் ஆய்வு மையத்திலும் கேட்டுப் பாருங்கள்.